கண்டி மழையும் ராத்தாவின் பால்மா டின்னும்



கண்டிக்கு வந்திருக்கிறீர்களா? உங்களில் பலர் வந்திருப்பீர்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு சுற்றுலா வந்து, வாவியைச் சுற்றி நடந்து, பேராதனைப் பூங்காவின் மர நிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுமுன் பஸ் ஏறிப் போயிருப்பீர்கள். அந்தக் கண்டியை உங்களுக்கு நான் காட்ட வேண்டியதில்லை. மழை பெய்யும் கண்டியை, அதிலும் மழை விடாமல் பெய்யும் கண்டியைத்தான் காட்டப்போகிறேன். இந்த மலைகளுக்குள் பிறந்து, இங்கேயே அரபுக் கல்லூரியில் ஓதி, இருபது வருடத்துக்கு மேலாக இங்கேயே ஓதிக்கொடுத்துக் கொண்டிருப்பவன் என்ற உரிமையில் அழைக்கிறேன். குடையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நகரத்தின் நடுவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து தொடங்குவோம். 1950 இல் திறக்கப்பட்ட இந்தக் கோபுரம், இளம் வயதில் மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை அவனுடைய நினைவாகக் கட்டிக் கொடுத்தது. இதன் அடியில் நின்று நாலு பக்கமும் தலையைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் மேலேதான் போகும். தெற்கே ஹந்தானை மலை. வடக்கே உடவத்தகெலே காடு. கண்டி நகரம் ஒரு சட்டியின் அடி. சுற்றிலும் விழுகிற மழை எல்லாம் இந்த அடிக்குத்தான் வந்து சேர வேண்டும்.

ஸ்ரீ விக்ரம ராஜசிங்க மன்னன் 1807 இல் இங்கிருந்த வயல்வெளியை மறித்து வாவி கட்டத் தொடங்கினான். அழகுக்குக் கட்டினானோ வேறெதற்குக் கட்டினானோ, தண்ணீர் தங்குவதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்ற கால்வாயாக நகரத்துக்குள் ஓடி, கெட்டம்பே பக்கம் மகாவலி கங்கையில் விழுகிறது. அந்தக் கால்வாயின் இரு கரையையும் இன்று கட்டடங்கள் நெருக்குகின்றன. சட்டியின் அடியில் இடம் முடிந்ததும் மனிதர்கள் சட்டியின் விளிம்பில் ஏறினார்கள். மலைச்சரிவில் மாடிக்கு மேல் மாடி. 2020 செப்டம்பரில் பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று விடியற்காலையில் சரிந்து, ஒரு கைக்குழந்தை உட்பட மூன்று பேர் இறந்ததை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள்.

இனி மாத்தளை பஸ்ஸில் ஏறுவோம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறோம். 335 கிலோமீட்டர் ஓடும் நம் நாட்டின் மிக நீண்ட ஆறு இதுதான். கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1947 ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி எங்கள் வாப்பாவின் உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு 1976 இல் பொல்கொல்லை அணை, 1985 இல் கொத்மலையும் விக்டோரியாவும் என்று ஆறு கட்டுக்குள் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அணைகள் மின்சாரம் தந்தன, வறண்ட பக்கத்து வயல்களுக்கு நீர் தந்தன. ஆனால் மலைச்சரிவில் விழுகிற மழையை அணை என்ன செய்யும்?

பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் அக்குறணை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இலங்கை முஸ்லிம்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாட்டில் எந்த நகரத்தில் கடை வீதிக்குப் போனாலும் ஓர் அக்குறணைக் கடையாவது இருக்கும். வீதியோடு வீதியாக ஓடுகிறதே ஒரு சிற்றாறு, அதுதான் பிங்கா ஓயா. கட்டுகஸ்தோட்டைக்கு அருகில் மகாவலியில் கலக்கிறது. சாதாரண நாளில் பிள்ளைகள் கணுக்கால் நனையக் கடந்துவிடுவார்கள். கடும் மழை நாளில் கடைக்குள் இடுப்பளவு ஏறிவிடும். கடந்த சில வருடங்களில் அக்குறணை நகரம் எத்தனை தடவை வெள்ளத்தில் நின்றது என்று கடைக்காரர்களே எண்ணிக்கையை மறந்துவிட்டார்கள். கீழ்த் தட்டில் சாமான் வைப்பதை விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். வானம் இருண்டால் துணிக்கட்டுகளை மேல் மாடிக்கு ஏற்றுவதற்கென்றே ஆள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இதுவும் ஒரு தற்காப்புத்தான். ஆனால் ஆற்றின் இடத்தைப் பிடித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஆற்றைக் காட்டுகிறார்கள். கரை ஓரமாக மண் நிரப்பிக் கட்டினோம். குப்பையை அதற்குள் தள்ளினோம். மேலே மலையில் மரம் வெட்டியதால் மண் கரைந்து வந்து ஆற்றின் அடியை உயர்த்தியது. ஒடுங்கிய வாய்க்குள் அகன்ற நீர் எப்படிப் போகும்?

பஸ்ஸை விட்டு இறங்கி ஓர் ஆட்டோ பிடிப்போம். பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் கொங்கிரீட் பாதையில் என் ராத்தாவின் வீடு இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும். கை பழக்கத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டது. ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் பலர் அதே நிலைமையில் வாழ்கிறார்கள்.

ராத்தா எனக்குப் பத்து வயது மூத்தவர். மச்சான் காலமான பின் அவருடைய மூத்த மகளின் கல்யாணப் பொறுப்பு மாமாவான என் தலையில் விழுந்தது. அது 2010 ஆம் வருடம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். காசு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "பிள்ளைக்கு ஒரு வீடு மட்டும் இருந்தால் போதும்" என்றார்கள். சகோதரிகளே, இந்த "மட்டும்" என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள்! சீதனம் கூடாதென்று மிம்பரில் பேசுகிற நானே, இது சீதனம் அல்ல, பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வாப்பாவின் காணியை நாங்கள் ஐந்து பேர் பிரித்திருந்தோம். ராத்தாவின் பங்கில் சமதரை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடுதான் மிச்சம்.

அந்த மேட்டில் எங்கள் உம்மாவின் தோட்டம் இருந்தது. கண்டித் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உயரத்தில் பலாவும் ஈரப்பலாவும். அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய். மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. அதற்கும் கீழே கோப்பி, வாழை, இஞ்சி. பார்த்தால் காடு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் கை வைத்து நட்டது. ஒரு வேர் ஆழத்தில், ஒரு வேர் நடுவில், ஒரு வேர் மேல் மண்ணில். மழை இலையிலிருந்து இலைக்கு இறங்கி மெதுவாகத் தரைக்கு வரும். வெள்ளைக்காரன் 19 ஆம் நூற்றாண்டில் மலைக் காடுகளை மொட்டை அடித்துக் கோப்பி போட்டான். 1869 இல் கோப்பியில் இலை நோய் தொடங்கி அது அழியத் தேயிலை போட்டான். ஆனால் கிராமத்து வீட்டுத் தோட்டங்கள் மட்டும் அப்படியே நின்றன. நம் பாட்டிமார் காலநிலை மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. மண்ணைப் பிடித்து வைக்கத் தெரிந்திருந்தது.

நான் பெக்கோ கொண்டுவந்தேன். மூன்றே நாளில் மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமதரை எடுத்துத் தந்தான் பெக்கோக்காரன். உம்மாவின் பெரிய பலா சாய்ந்தது. அதை அறுத்த பலகையில்தான் புது வீட்டுக் குசினிக் கதவு செய்தோம். வெட்டிய மண் சுவருக்கும் குசினிக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் இடம்தான் இருந்தது. அணைச்சுவர் கட்ட வேண்டும் என்று மேசன் சொன்னார். கல்யாணச் செலவு முடியட்டும் என்றேன். கல்யாணச் செலவு முடிந்தபின் யாருக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும்? மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்ற விதி 2011 இல் வந்தது. நாங்கள் அதற்கு முந்திக்கொண்டோம். விதி இருந்திருந்தாலும் போய்க் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

பதினைந்து வருடம் அந்த மேடு அசையவில்லை. 2025 நவம்பர் 27 வியாழக்கிழமை வந்தது.

டித்வா புயலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று என் மாணவர்கள் கேட்டார்கள். யெமன் நாடு கொடுத்த பெயர் அது. சுகுத்ரா தீவில் உள்ள ஒரு கடலேரியின் பெயர். கிழக்குக் கரையில் ஏறிய புயல் மலைநாட்டில் கொட்டியது. பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. கண்டிக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர்தான். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குரிய மழை ஒரே நாளில் வந்தால் மண் அதை எங்கே வைக்கும்?

அன்று காலையில் ராத்தா முற்றத்தில் ஒரு வெறும் வாளியை மறந்து வைத்திருந்தார். இஷா நேரம் பார்த்தால் அரை வாளி தண்ணீர். பீலியில் எப்போதும் பளிங்கு மாதிரி வரும் நீர் தேயிலைச் சாயம் போலச் சிவந்து வந்தது. குசினிக் கதவு சாத்தவில்லை. நிலை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ராத்தா எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, கதவு சாத்த மாட்டேங்குது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழைக்குப் பலகை ஊதியிருக்கும் ராத்தா. பயப்படாம படுங்க. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு வந்து பார்க்கிறேன்."

அதோடு லைன் அறுந்துவிட்டது. பிறகு இரண்டு நாளாகத் தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை.

மூன்று வீடு தள்ளி இருக்கும் சிங்களப் பெண்மணி ஒருவர், இரவு ஒன்பதரைக்கு டோர்ச் லைட்டோடு வந்து கதவைத் தட்டினாராம். ரேடியோவில் சிங்களத்தில் எச்சரிக்கை சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அந்த நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வந்து சேரவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டுக்குத் தமிழ் எச்சரிக்கையாக வந்தவர் அந்தச் சிங்களச் சகோதரிதான். ராத்தாவையும், என் மருமகளையும், அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் மழையில் இழுத்துக்கொண்டு, மேட்டு முனையில் இருக்கும் பன்சலை மண்டபத்துக்குப் போனார். மருமகளின் கணவர் கட்டாரில். ஆண் துணை ஒன்றும் இல்லை. 2018 மார்ச்சில் இந்தப் பக்கங்களில் நம் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்ததை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இதையும் எழுதுகிறேன். பன்சலையில் பெண்கள் தொழுவதற்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

இரவு இரண்டு மணி அளவில் மேடு இறங்கியது. குசினி, குளியலறை, பிள்ளைகள் படுக்கும் பின் அறை மூன்றும் மண்ணுக்குள். என் பேச்சைக் கேட்டுப் படுத்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்ததில்லை.

அதே நாட்களில் அலவத்துகொடைப் பக்கம் வீடுகளோடு குடும்பங்கள் புதைந்தன. உடுதும்பறை, ஹசலக்க பக்கங்களிலும் அப்படியே. கம்பளை நகரம் மகாவலிக்குள் நின்றது. பேராதனையில் ரயில் பாலம் சேதமடைந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மாவட்டங்களில் கண்டிக்குத்தான் அதிக இழப்பு, 200 பேருக்கு மேல். யா அல்லாஹ், அவர்களுக்கு அருள்வாயாக.

இது விதி, நாம் என்ன செய்வது என்று என்னிடம் பலர் சொன்னார்கள். கத்ரை நம்புகிறவர்கள்தான் நாம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசக்கூடாது என்பதை மத்ரஸாவின் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே! மேட்டைச் செங்குத்தாக வெட்டியது நான். அதை விதியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மழை மாறியிருக்கிறது என்பதும் உண்மை. அதன் காரணம் உங்கள் குசினியிலேயே இருக்கிறது. இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆவி ஏறி, குளிர்ந்த மூடியில் பட்டுத் துளித்துளியாக இறங்கும். கடல் காற்று ஆவியோடு வந்து நம் மலைகளில் ஏறிக் குளிர்ந்து மழையாவதும் இப்படித்தான். காற்றின் சூடு 1 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஆவியைச் சுமக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. கரியும் எண்ணெயும் எரித்து எரித்து உலகம் அதைவிடவும் சூடாகிவிட்டது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. எரித்ததில் நம் நாட்டின் பங்கு மிகச் சிறியது. ஆனால் மழை பங்கு பார்த்துப் பெய்வதில்லை.

அரசாங்கத்திடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. காலநிலை மாற்றத்துக்கு இசைவாக்கமடைய 2016 முதல் 2025 வரைக்கென்று ஒரு தேசியத் திட்டமே இருந்தது. எந்தச் சரிவு ஆபத்தானது என்று காட்டும் வரைபடங்கள் பல வருடமாக வரையப்படுகின்றன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் புதைந்தன அல்லவா? அங்கிருந்து மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டதற்கும் வெளியேறியதற்கும் நடுவில்தான் அந்த உயிர்கள் போயின. வேறு காணி இல்லாதவனிடம் வெளியேறு என்று சொன்னால் எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு மேலிடத்தில்தான் பதில் வேண்டும். ராத்தாவின் வீட்டையும் அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாற்றுக் காணிக்கான கடதாசி அலைந்துகொண்டிருக்கிறது. எந்த மேசையில் கிடக்கிறது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

கடதாசி வரும்வரை மழை காத்திருக்காது. எனவே எங்கள் மஹல்லாவில் ஒரு கூட்டம் வைத்தோம். முதல் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் நிவாரணப் பொதி பங்கிட்டதில் நடந்த குறைகளைப் பற்றிப் பேசிவிட்டுத் தேநீர் குடித்துப் பிரிந்தோம். இரண்டாவது கூட்டத்துக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மத்ரஸா மண்டபத்தில் திரை போட்டோம். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. எந்தக் கிணறு எந்த நாளில் கலங்கியது, எந்த வீட்டுச் சுவரில் வெடிப்பு, எந்த வீட்டில் படுக்கையோடு இருக்கும் பெரியம்மா, எந்தப் பிள்ளை எட்டு மாதக் கர்ப்பம், யாருடைய வீட்டுத் தண்ணீர் யாருடைய மேட்டில் விழுகிறது... ஆண்களுக்கு இதில் பாதி தெரியாது. பகலெல்லாம் கடையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பிள்ளை எங்கள் ஊரை வரைந்தாள். ஓடையை நீலத்தில், வெட்டிய மேடுகளைச் சிவப்பில். சிவப்பைப் பார்த்துவிட்டு ட்ரஸ்டிமார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கூட்டத்தில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு கேள்வி வந்தது. டித்வா இரவில் இத்தாவில் இருந்த ஒரு விதவைச் சகோதரி, வீட்டை விட்டு இறங்கக் கூடாதே என்று தண்ணீர் படி ஏறும் வரை உள்ளேயே இருந்தாராம். நான் செய்தது சரியா ஹஸ்ரத் என்று கேட்டார். என் நெஞ்சு திக்கென்றது. வீடு இடிந்து விழும் அல்லது நீரில் மூழ்கும் என்ற அச்சம் இருந்தால் இத்தாவில் இருப்பவர் அங்கிருந்து வெளியேறலாம் என்று நம் ஷாஃபி மத்ஹபு நூல்களில் தெளிவாகவே இருக்கிறது. நான் எத்தனை தடவை அந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்! அது அந்தச் சகோதரியின் வீட்டுப் படிக்கு வந்து சேரவில்லை. இதை வாசிக்கும் நீங்கள் உங்கள் தெருவில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

மழையின் அளவைப் பற்றியும் பேசினோம். மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக வேண்டும். 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். ராத்தாவின் அரை வாளியை நினைத்துப் பாருங்கள். வாளி அடியில் ஒடுங்கியது, கணக்குச் சரியாக வராது. ஆனாலும் சிவப்பை நெருங்கிய மழை முற்றத்திலேயே இருந்தது. அதை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பக்கம் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் போதும். மூடி கழற்றிய பால்மா டின்னை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் சாயாமல் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்டிமீட்டர் மஞ்சள், பத்து செம்மஞ்சள், பதினைந்து சிவப்பு. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். 2017 இல் நாட்டில் 186,000 பேருக்கு டெங்கு கண்டது ஞாபகம் இருக்கும்.

ஆனால் டின்னை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த விளக்குக் கம்பம், திடீரென்று கலங்கும் ஊற்று அல்லது திடீரென்று நிற்கும் ஊற்று, சாத்தாத கதவு. இவற்றில் ஒன்றைக் கண்டால் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டாம், இறங்குங்கள். மௌலவி தம்பியிடம் கோல் எடுத்துக் கேட்கவும் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு சொன்னாலும் போதும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து, நகை எல்லாம் ஒரு பையில் இருந்தால் கால் தடுமாறாது. ராத்தா உறுதியைத் தேடி அலுமாரிக்கு முன்னால் நின்ற நேரம்தான் தனக்கு மிக நீண்ட நேரம் என்று என் மருமகள் சொல்கிறாள்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு எங்கள் ஜமாஅத் ஒரு பற்றரி வாங்கிவிட்டது. மின்சாரம் போனாலும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கலாம். சிங்களத்தில் சொல்ல ஒரு பிள்ளையைப் பழக்கியிருக்கிறோம். பாங்கு அல்லாத நேரத்தில் மூன்று தடவை பெயர் சொல்லி அழைத்தால் மேட்டு வீட்டார் மத்ரஸாவுக்கு வர வேண்டும், ஓடைக்கரை வீட்டார் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. மத்ரஸாவில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை கட்டுகிறோம். அது இல்லை என்பதற்காகவே வெளியேறத் தயங்கிய வீடுகள் இருந்தன என்பதும் திரைக்கு அப்பாலிருந்து வந்த செய்திதான்.

பிங்கா ஓயாவின் கரையை யார் விடுவது என்ற பேச்சுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் என் உறவினர்களின் கடைகளும் இருக்கின்றன.

கல்யாணப் பேச்சுக்கு என்னை அழைக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் காணியைப் பார்க்க வேண்டும் என்கிறேன். வீடு கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம், எந்த மேட்டை வெட்டிக் கட்டச் சொல்கிறீர்கள் என்று நேராகவே கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு மௌலவியைத் தேடிப் போனார்கள். போகட்டும். ஒரு வீட்டார் மட்டும், பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, கேட்ட வீட்டை விட்டுக் கொடுத்தார்கள்.

ராத்தா இப்போது எங்கள் வீட்டுக்குக் கீழே வாடகை வீட்டில் இருக்கிறார். இடிந்த வீட்டின் மேட்டுக்குக் கிழமையில் ஒரு நாள் போய்வருகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வெயில் நாளில் மட்டும் போங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மேட்டின் ஓரத்தில் வெட்டிவேர் நட்டிருக்கிறார், இரண்டு பலாக் கன்றும் வைத்திருக்கிறார். வாடகை வீட்டு முற்றத்தில் பால்மா டின் இருக்கிறது. அதன் உள்ளே ஏழரையில் ஒரு கோடு, பத்தில் ஒரு கோடு, பதினைந்தில் ஒரு கோடு. பேத்தியின் நகப் பூச்சால் போட்டது.

மழை நாளில் மஃரிபு தொழுததும் கோல் வரும். சலாம் சொல்லி, பிள்ளைகளைக் கேட்டு, பிறகுதான் கணக்கைச் சொல்வார். நேற்றும் வந்தது.

"தம்பி, இன்றைக்கு 22. பீலித் தண்ணி தெளிவா வருதாம். மேல் வீட்டாக்களுக்கும் சொல்லிட்டேன்."